ஆற்றை கையெழுத்து இல்லை?

கலியாண அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்க முன்னர் கந்தோர் அக்காவிடம் காட்டக்கூடாது என்பது தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரத் தமிழரிடையே புழங்கிய ஒரு நல்ல புத்திமதி. அதை யாரும் கடைப்பிடித்ததாக எனக்கு நினைவில்லை. எழுத்துப்பிழை பார்க்க அவரை விட்டால் வேறு ஆளில்லை.

நான் அவரை முதன்முதல் கண்டதே அப்படி ஒரு வீட்டில்தான். மாப்பிள்ளையின் தகப்பன் கையால் எழுதிய படியைக் கொண்டுவந்து நீட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டார். மணமக்களின் பெயரையோ முகூர்த்தத்தையோ பார்க்கவில்லை. நேரே அடிப்பக்கத்துக்குப் போனார். உறவினரின் பெயர்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் விரலை வைத்து, சந்தையில் நண்டை அழுத்திப் பார்க்கிறமாதிரி ஒவ்வொரு பெயராக அழுத்திக்கொண்டு போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுத்தெல்லாம் வடிவாய்த்தான் இருக்கு அண்ணை. ஆற்றை பேர் இல்லை?"

மாப்பிள்ளையின் தகப்பனுக்குக் கோப்பி புரைக்கேறியது. ஜெர்மனியில் இருந்த தமையனின் பெயரை அவர் வேண்டுமென்றே விட்டிருந்தார். காரணம், ஊரில் இருவருக்கும் இடையில் நின்ற ஒரு வேலி. வேலி எப்போதோ ஷெல் விழுந்து போய்விட்டது. கோபம் மட்டும் பத்திரமாக ஐரோப்பா வந்து சேர்ந்திருந்தது.

"அது உங்களுக்குத் தேவையில்லாத கதை அக்கா."

"ஓம், எனக்குத் தேவையில்லை. இதை வாசிக்கிற சனத்துக்குத் தேவைப்படும். இருக்கிற பேரை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். இல்லாத பேரைத்தான் தேடி வாசிப்பினம்."

இரண்டு நாள் தொலைபேசி ஓயவில்லை. மூன்றாம் நாள் தமையனின் பெயர் ஏறியது. கலியாணத்தன்று அந்தத் தமையன் மண்டப வாசலில் நின்று, போகிற வருகிற ஆட்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்தார். தெளித்ததில் பாதி என் சேலையில்தான்.

அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. இலங்கையின் வடக்கில் காணிப் பதிவு அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், பதினொரு வருடம் காணி உறுதிப் பத்திரங்களைப் பெரிய புத்தகங்களில் பெயர்த்து எழுதியவர். அதனால் கந்தோர் அக்கா. குள்ளம். கோடையிலும் கழற்றாத மண்ணிறக் கோட்டு. கைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு பென்சில், பாதி தின்ற பிஸ்கட் பக்கற். கந்தோரில் உறுதி ஒன்று மேசைக்கு வந்தால் அவர் முதலில் பார்ப்பது யார் கையெழுத்து வைத்திருக்கிறார் என்பதை அல்ல. வைக்கவேண்டிய எவர் வைக்கவில்லை என்பதைத்தான். அந்தப் பழக்கத்தை அவர் கடல் கடந்தும் விடவில்லை.

"எழுதினவன் பொய் எழுதலாம் தங்கச்சி," என்பார். "சாட்சிக்காரன் பொய் சொல்லலாம். இல்லாத கையெழுத்து மட்டும் பொய் சொல்லாது."

பொலிதேயாமாப் பக்கம், உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் அவருக்குத் தரை துடைக்கிற வேலை. அந்த நொத்தாரிசிடம், வீடு காணி விற்பவர்களின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கவென்றே ஒரு கிழவர் இருந்தார். பதிவுக் கந்தோரின் புத்தகங்கள் ஒவ்வொன்றும் மீன்பெட்டி அளவு, மீன்பெட்டிப் பாரம். கிழவருக்குத் தோள்மூட்டில் வாதம். புத்தகம் தூக்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று நொத்தாரிசு அக்காவை அவரோடு அனுப்பிவைத்தார். ஆறு மாதம் கழிய, கிழவர் கதிரையில் சாய்ந்திருந்து பத்திரிகை படித்தார். புத்தகத்தை அக்கா படித்தார். அக்காவுக்குச் சந்தையில் வெங்காயம் கேட்கவே இத்தாலியன் தடுமாறும். உறுதி வாசிக்கும்போது தடுமாறாது. எந்தப் பாஷையிலும் உறுதி எழுதுகிறவன் ஒரே மாதிரித்தான் சுற்றிவளைப்பான் என்பது அவரது கணக்கு.

ஒரு விஷயம் மட்டும் அவருக்குக் கடைசிவரை அதிசயமாகவே இருந்தது.

"எங்கடை ஊரிலை காணியின்ரை பேரிலைதான் பக்கம் திறக்கிறது. ஆலடி வளவு எண்டால் அதுக்கு ஒரு பக்கம். ஆர் வந்தாலும் போனாலும் வளவு அங்கையே நிக்கும். இஞ்சை மனுசற்றை பேரிலை புத்தகம். மனுசனைத் தெரியாட்டில் வீட்டைக் கண்டுபிடிக்கேலாது."

அவரது கேள்வியால் எல்லாருக்கும் நன்மைதான் வந்தது என்றும் சொல்லமுடியாது. ஒரு வருடம் எங்கள் சைவச் சனங்கள் சேர்ந்து, பூசை செய்ய ஒரு கீழ்மாடி அறை பிடித்தார்கள். வீட்டுக்காரருக்குக் கொடுக்கக் கடிதம் தயார். நாற்பது பேர் கையெழுத்து வைத்தாயிற்று. அக்கா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல்வீட்டுக் கிழவியின்ரை கையெழுத்து எங்கை?"

"அவவை ஏன் கேக்கவேணும்? கேட்டால் மாட்டன் எண்டுதான் சொல்லுவா."

"மணி அடிக்கேக்கை அவவின்ரை தலைக்குக் கீழைதானே அடிக்கப்போறியள்?"

தானே படியேறிப்போய்க் கேட்டார். கிழவி மாட்டேன் என்றுவிட்டாள். அறை கைநழுவியது. அந்த வருடம் நவராத்திரி ஒருவரின் வரவேற்பறையில், சோபாவை நிமிர்த்தி வைத்துவிட்டு நடந்தது. "இந்த மனுசி வந்தால் ஒரு அலுவலும் ஒப்பேறாது," என்று ஆட்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். அக்கா அதற்கும் தலையாட்டிக்கொண்டு கடலை தின்றார்.

நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்; எங்களுக்குப் பங்குக் கோயில் இருந்தது. ஆகையால் எனக்கும் என் அவருக்கும் அது சிரிக்க ஒரு பகிடிக் கதை. எங்கள் முறை வரும்வரை.

அல்பெர்கேரியாவில், பல்லாரோச் சந்தைக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் நாங்கள் ஆறு வருடமாக வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை, ஒரு குசினி, உடுப்புக் காயவிட ஒரு பல்கனி. வீட்டுக்காரர் தொன் பினோ. சந்தையில் ஒலிவுக்காயும் உப்புக் கருவாடும் விற்பவர். நல்ல மனிதர், சத்தம் மட்டும் அதிகம். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால், குழாயைப் பேசுவார், குழாய் செய்தவனைப் பேசுவார், பிறகு வந்து திருத்தித் தருவார். நாங்கள் குசினி என்று சொல்வது அவர்களுடைய குச்சீனாதான் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து எங்களைத் தன் பாதிச் சொந்தக்காரராகவே நினைத்தார்.

ஒரு மாசி மாதம் வந்து கதிரையில் இருந்தார். வடக்கே தூரின் நகரில் இருக்கிற மகனிடம் போகப்போகிறாராம். வீட்டை விற்கப்போகிறாராம்.

"நீங்கள் வாங்கினால் உங்களுக்கு. இல்லாவிட்டால் மச்சானின் சிநேகிதன் ஒருவன் கேட்கிறான். உயிர்த்த ஞாயிறுக்கு முன்னம் முடிக்கவேண்டும்."

அவன் வாங்கினால் நாங்கள் வெளியே. எங்கள் மூத்த மகளை யாழ்ப்பாணத்தில் என் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். விட்டபோது அவளுக்கு மூன்று வயது, இப்போது ஒன்பது. அவளைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், கிடந்தது. அதற்குப் பொலிஸ் கேட்ட முக்கியமான தாள் வீட்டுத் தாள். இன்ன முகவரியில், இத்தனை அறையில், பிள்ளை படுக்க இடமிருக்கிறது என்று காட்டவேண்டும். முகவரி போனால் விண்ணப்பமும் போகும். மறுபடி முதலில் இருந்து.

என் அவர் கோடையில் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் வேலை. குளிர்காலத்தில் வீடுகளுக்கு நிறம் பூசுவார். தொன் பினோ படியிறங்கிப் போன அன்றே, மூத்தவளும் இங்கே பிறந்த சின்னவளும் படுக்கவென்று ஒதுக்கிய பின்னறைக்கு இளநீல நிறத்தில் இரண்டு வாளி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சனிக்கிழமை முற்பணம் கொடுப்பதாகப் பேச்சு. தொன் பினோ கொடுத்த வீட்டுப் பதிவுத் தாளைத் தூக்கிக்கொண்டு கந்தோர் அக்காவிடம் போனதும் அவர்தான். நான் தடுத்தும் கேட்காதபடியால் நானும் கூடப் போனேன்.

"பாருங்கோ அக்கா," என்றார் பெருமையாக. "ஒரு பேர். ஒரேயொரு பேர்."

அக்கா பூதக்கண்ணாடியை எடுத்தார். "ஓம். ஒரேயொரு பேர்தான் இருக்கு."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். நான் என் அவரின் கையைப் பிடித்து, எழும்புங்கோ, போவம் என்றேன்.

"தம்பி, இது வரிக்காரன்ரை புத்தகத்திலை எடுத்த தாள். ஆர் வரி கட்டினது எண்டு இது சொல்லும். ஆற்றை வீடு எண்டு சொல்லாது. தொன் பினோவுக்கு இந்த வீடு எப்பிடி வந்தது?"

"தகப்பன் விட்டுட்டுப் போன முதுசம்."

"தகப்பனுக்கு ஒரு பிள்ளையோ?"

என் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எப்பிடியும் நொத்தாரிசு எல்லாம் தேடிப் பாப்பார்தானே அக்கா."

"பாப்பார். அவர் பாத்துக் கண்டுபிடிக்கேக்கை உங்கடை முற்பணம் தூரினுக்கு ரெயில் ஏறியிருக்கும்."

செவ்வாய்க்கிழமை காலை என்னையும் கூட்டிக்கொண்டு பதிவுக் கந்தோருக்குப் போனார். நீள மேசைகள். மேசை மேசையாகத் தேடுகிற மனிதர்கள், காதில் பேனை. தோள்வாதக் கிழவர் எங்களுக்காக விண்ணப்பத் தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் பத்திரிகைக்குத் திரும்பிவிட்டார். சிசிலியில் பேரனுக்குப் பாட்டனின் பெயரை வைப்பது வழக்கம். ஆகவே தொன் பினோவின் தகப்பனின் பெயரில் புத்தகம் முழுக்க ஆட்கள். அந்தத் தகப்பனின் பிறந்த திகதியை வைத்து அக்கா ஒவ்வொருவராகத் தள்ளினார். இந்தாள் இல்லை. இந்தாளும் இல்லை. இவர் கடைக்காரன், எங்கடை ஆள் இல்லை. மீன்பெட்டிகளை நான் தூக்கினேன். பதினொரு மணியளவில் அவரது விரல் ஓரிடத்தில் நின்றது. என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்.

தகப்பன் செத்தபிறகு வீடு இரண்டு பிள்ளைகளுக்கு, சரிபாதி. ஒன்று பினோ. மற்றது நுன்சியா.

"இந்தப் பெட்டை எங்கை?" என்றார் அக்கா.

நேரே சந்தைக்குப் போனோம். தொன் பினோ ஒலிவைக் கிண்டிக்கொண்டு நின்றார். பெயரைக் கேட்டதும் கரண்டி நின்றது.

"செத்துப்போனாள்."

"எப்போது?" என்றேன்.

"எனக்கு அவள் செத்துப்போனாள்!" என்று சந்தைக்கே கேட்கும்படி கத்திவிட்டு, அடுத்த வாடிக்கையாளிடம் திரும்பினார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைக் கிள்ளினார். "'எனக்கு' எண்டு ஒரு சொல்லு விட்டவர். கேட்டியோ?"

வீட்டில் அன்று பெரிய சண்டை. என் அவர் நிறவாளியைக் காலால் தள்ளினார். "உங்களை ஆர் அக்கா இதையெல்லாம் தேடச் சொன்னது? ஆறு வருசம் ஒருத்தியும் வந்து இது என்ரை வீடு எண்டு கேக்கேல்லை. இப்ப நீங்கள் எழுப்பி விடுறியள்!" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தொன் பினோவின் மச்சானின் சிநேகிதன் இதையெல்லாம் பொருட்படுத்தாமலே வாங்கிவிடுவான். அக்கா வேலைசெய்த நொத்தாரிசைக் கேட்டோம். இத்தனை வருடம் தனியே ஆண்டுவந்தேன், வீடு எனக்கே என்று தொன் பினோ வழக்குப் போடலாம், ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். வருடக்கணக்கு! எனக்கு மகளின் பல்லு விழுந்து முளைத்த படம்தான் கண்ணில் நின்றது. அந்தப் பல்லு விழுந்ததையே நான் பார்க்கவில்லை.

நகரசபையில் பெயரையும் பிறந்த திகதியையும் கொடுத்தால் ஒருவரின் வசிப்பிடத் தாள் எடுக்கலாம் என்பதும் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எடுத்தோம். நுன்சியா சாகவில்லை. அமெரிக்காவுக்கும் போகவில்லை. சந்தையில் இருந்து பேருந்தில் இருபத்தைந்து நிமிடத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார்.

ஞாயிறு பூசை முடிய நானும் அக்காவும் போனோம். நுன்சியாவுக்கு எழுபது இருக்கும். நல்ல உயரம், தொன் பினோவின் அதே மூக்கு. அந்த இல்லத்துச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை செய்து, வயதானதும் அங்கேயே ஒரு அறை கிடைத்ததாம். தகப்பனைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடக்காமல் வேலைக்குப் போனது வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. தகப்பனின் செத்தவீட்டுக்குப் போனபோது தம்பி கதவுப் பூட்டை மாற்றியிருந்தானாம். சொல்லும்போது அழவில்லை. பூட்டின் நிறத்தைக்கூடச் சொன்னார்.

நான் கையெழுத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். பிறகு தன் வெங்காய இத்தாலியனில், "அந்தப் பல்கனிக் கதவு முந்தியும் இறுகித்தான் கிடந்ததோ?" என்று கேட்டார்.

நுன்சியாவின் முகம் மாறியது. "தோளால் இடிக்கவேண்டும். கீழ்ப்பக்கமாக."

"இப்பவும் அப்படித்தான்," என்றேன் நான்.

அதிலிருந்து ஒரு மணித்தியாலம் வீட்டைப் பற்றியே கதை. பின்னறையில் யார் படுக்கிறார்கள்? என் சின்னவள். அந்த அறையில்தான் நுன்சியா பிறந்தாராம். போக எழும்பும்போது இழுப்பறையைத் திறந்து இரண்டு தாள் எடுத்துக் காட்டினார். பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று தட்டச்சு செய்த கடதாசிகள். வேறு வேறு வருடத்தில் யாரோ கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனதாம். கையெழுத்து வைக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி, பெருக்கல் குறிபோல.

"ஒரு வார்த்தை எழுதவில்லை," என்றார். "இந்தப் புள்ளடி மட்டும். பினோ வந்து கேட்டால் அந்த இடத்திலேயே போட்டுக்கொடுப்பேன். எனக்கு எதற்கு அரை வீடு?"

திரும்பி வரும்போது பேருந்தில் அக்கா கடலைப் பையைத் திறக்கவில்லை. அவர் கடலை தின்னாமல் இருந்த ஒரே பயணம் அது. சந்தைத் தரிப்பிடம் நெருங்கும்போது, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"என்ரை அலுமாரியிலும் அப்பிடி ஒரு தாள் கிடக்கு தங்கச்சி."

எனக்கு விளங்கவில்லை.

"அம்மாவின்ரை வீடு. எனக்கும் தம்பிக்கும். அவன்ரை மகளுக்குச் சீதனமாய் எழுதவேணுமாம். என்ரை பங்கையும் அவன் எழுத நான் விடுறன் எண்டு அற்றோணித் தத்துவம் ரைப் அடிச்சு அனுப்பினவன். உள்ளை ஒரு துண்டுக் கடுதாசிகூட இல்லை. நான் இருக்கிறனோ செத்தனோ எண்டு கேக்கேல்லை. புள்ளடி மட்டும். நாலு வருசமாய்க் கிடக்கு." கைப்பையை மடியில் இழுத்து வைத்தார். "ஊரெல்லாம் ஆற்றை கையெழுத்து இல்லை எண்டு தேடித் திரியிறன். அங்கை இல்லாதது என்ரை."

நான் பேருந்தின் மணியை அடித்தேன். இறங்கினோம்.

தொன் பினோவிடம் போய், "உங்கடை அக்கா உயிரோடை இருக்கிறா, நீங்கள் போய்க் கேட்டால் கையெழுத்து வைப்பா," என்றோம். போகமாட்டேன் என்றார். அவள் வரட்டும் என்றார். உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் மூன்று கிழமை. என் அவர் வீட்டில் பெட்டிகளை இறக்கி அடுக்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகிற வழியில் கந்தோர் அக்கா தொன் பினோவின் கடைக்குப் போய் நூறு கிராம் ஒலிவு வாங்கினார். வாங்கிக்கொண்டு, "நுன்சியாவுக்கு முழங்கால் நோ. மற்றபடி சுகம்," என்றார். தொன் பினோ பொதியை மேசையில் குத்தி வைத்தார். மறுநாளும் நூறு கிராம். "நுன்சியா பால் இல்லாத கோப்பிதான் குடிப்பா." மூன்றாம் நாள், "நுன்சியாவின்ரை கட்டிலுக்கு மேலை நீங்கள் சின்னனிலை எடுத்த முதல் நன்மைப் படம் தொங்குது." இதெல்லாம் உண்மையா என்று கேட்டேன். படம் உண்மை; கோப்பியை நடக்கக்கூடியது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். நான்காம் நாள் தொன் பினோ, இனி உனக்கு ஒலிவு விற்கமாட்டேன் என்று கத்தினார். அக்கா கருவாடு வாங்கினார். அக்காவுக்கு ஒலிவு பிடிக்காது. எல்லாம் என் குசினியில் போத்தல் போத்தலாக நிறைந்தது. சின்னவள் ஒலிவு போட்ட புட்டுத் தின்றாள்.

ஒன்பதாம் நாள் அக்கா எதுவும் சொல்லாமல் பொதியை வாங்கிக்கொண்டு திரும்பினாராம்.

"இன்றைக்கு என்ன?" என்று பின்னால் கத்தினார் தொன் பினோ. "இன்றைக்கு அவளுக்கு என்ன?"

"தெரியாது," என்றார் அக்கா. "நீங்கள்தான் போய்ப் பார்க்கவேணும்."

அன்று பின்னேரம் தொன் பினோ கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, கலியாணவீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் உப்பில் ஊறிய கப்பர் மொட்டுப் பொதியோடு பேருந்து ஏறினார். நானும் அக்காவும் பின்னால் ஏறினோம். இல்லத்தில், நுன்சியாவின் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றோம். உள்ளே இரண்டு மணித்தியாலம் சண்டை. அப்படி ஒரு சண்டையை நான் பல்லாரோவிலும் கேட்டதில்லை. கன்னியாஸ்திரி ஒருவர் பயந்து ஓடிவந்தார். அக்கா அவரை மறித்து, "விடுங்கோ சிஸ்டர், முப்பது வருசத்துக் கதை, இரண்டு மணித்தியாலம் பெரிசில்லை," என்றார் தமிழில். சிஸ்டருக்கு என்ன விளங்கியதோ, திரும்பிப் போய்விட்டார். பிறகு சத்தம் அடங்கியது. எட்டிப் பார்த்தேன். நுன்சியா கப்பரை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டு, தம்பியின் கோட்டுப் பொத்தான் தொங்குகிறது என்று ஏசிக்கொண்டிருந்தார்.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் வெள்ளி, நொத்தாரிசின் முன்னால் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். நுன்சியா தன் முழுப்பெயரையும், ஒரு எழுத்து விடாமல், மெதுவாக எழுதினார். என் அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "தம்பி, பேனையைக் குடுங்கோ, அடுத்தது நீங்கள்," என்றார் அக்கா. வெளியே வந்ததும் அவர் அக்காவுக்கு ஜெலாத்தோ ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். அவர் மன்னிப்புக் கேட்ட விதம் அதுதான்.

அந்த வருட முடிவில் மூத்தவள் வந்து சேர்ந்தாள். இரண்டு நாள் என்னோடு "நீங்கள்" போட்டுக் கதைத்தாள். மூன்றாம் நாள் நீல அறையில் எந்தக் கட்டில் யாருடையது என்று தங்கையோடு தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டாள். அப்போதுதான் எனக்கு நெஞ்சு ஆறியது. நுன்சியா தன் தம்பியோடு ஒருமுறை வந்து பார்த்தார். பல்கனிக் கதவைத் தோளால் இடித்துத் திறந்துவிட்டு, நிறம் நல்லாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முன்னர், வீடு கைக்கு வந்த அந்தக் கோடையில், கந்தோர் அக்கா இரண்டு நாள் லீவு எடுத்து ரோமுக்குப் போய்வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வந்ததும் தானே சொன்னார். இலங்கைத் தூதரகத்தில், அதிகாரியின் முன்னால் தம்பியின் தாளை விரித்து, கைப்பையில் இருந்து அழிறப்பரை எடுத்துப் பென்சில் புள்ளடியை முதலில் அழித்தாராம். அதிகாரி, ஏனம்மா, அது இருந்தால் என்ன என்றாராம்.

"என்ரை பேர் எங்கை வரும் எண்டு எனக்குத் தெரியும் எண்டனான்," என்றார்.

தாள் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து ஒரு சனிக்கிழமை என்னை ரெயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்குக் கூட்டிப்போனார். தம்பிக்கு, ஊரில் பக்கத்துக் கடைத் தொலைபேசிக்கு வந்து நிற்கும்படி சொல்லி அனுப்பியிருந்தார். கண்ணாடிக் கூண்டின் கதவு சரியாகப் பூட்டாது. நான் வெளியே வாங்கில் இருந்தேன்.

"நான்தான்... ஓம், இஞ்சையிருந்துதான்... கிடைச்சதோ?... கையெழுத்து வைச்சிருக்கிறன்தானே, பிறகென்ன... இல்லை, அதைப்பற்றி நீ இனி ஒண்டும் கதைக்க வேண்டாம். நன்றி கின்றி ஒண்டும் வேண்டாம். உறுதி அலுவல் முடிஞ்சுது... வேறை ஏதாவது கதை... என்னத்தைக் கதைக்கிறதோ? ஏன்ரா, நாலு வருசத்திலை என்னட்டைக் கேக்க உனக்கு ஒண்டுமே இல்லையோ?"

லைன் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எழும்பிப் போய்ப் பார்த்தேன். அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, றிசீவரை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"இல்லையடா," என்றார் கடைசியில், அவரிடம் நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில். "இன்னும் சாப்பிடேல்லை."

வெளியே வந்து கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தார். "பசிக்குது தங்கச்சி," என்றார். சந்தை மூலையில், கடலைமா ரொட்டி பொரித்துப் பாணுக்குள் வைத்துக் கொடுக்கிறவனிடம் போனோம். அக்கா நின்ற நிலையில் இரண்டு தின்றார்.